பண்ணாரி வந்தால் எழுப்பு

இரண்டாவது கியரா மூன்றாவது கியரா என்று யாராவது கேட்டால் இரண்டாவது என்று வாய் சொல்லிவிடும். வாய்க்கென்ன, நாற்பது வயது வரைக்கும் மாட்டுத் தரகன் அர்த்தநாரிக்குச் சோறு போட்டதே வாய்தான். இப்போது சொல்ல வேண்டியது கை, கைக்குத் தெரியவில்லை. கியர்க் குமிழ் இடது உள்ளங்கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது, அது எஞ்சின் நடுக்கமா தன் நடுக்கமா என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு மனசில்லை. மலை உச்சியில் திம்பத்து டீக்கடை பக்கக் கண்ணாடியில் தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிட்டது. முன்னால் தார்ச்சாலை குப்புற விழுந்து கிடந்தது, அது போய் முடிகிற இடத்தில் கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு அப்பால் வெறும் வெளிச்சம். பத்துச் சக்கரமும் முதுகு நிறைய மக்காச்சோள மூட்டையும் பின்னாலிருந்து தள்ளின, நெரிசலில் முன்னால் நிற்பவனைத் தள்ளுகிற மாதிரி, போ போ என்று. சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகையில் பூபதி கால் நீட்டிக் கிடந்தான், வெயில் படாமலிருக்க அர்த்தநாரியின் பச்சைத் துண்டையே உருவி முகத்தில் போட்டுக்கொண்டு. வயசு இவனைவிடப் பன்னிரண்டு குறைச்சல், ஆனால் இந்த வண்டிக்கு அவன்தான் டிரைவர். அர்த்தநாரி லைசென்ஸ்படி டிரைவர், சம்பளப்படி கிளீனர். "அடிவாரத்துல பண்ணாரி வந்தா எழுப்புங்ணா" என்று சொன்னவன் அதோடு விட்டிருக்கலாம். "நடுவுல எழுப்புனீங்கன்னா ஸ்டியரிங் உங்களுக்கில்லீங். ஆளு இன்னும் பழுக்கலைன்னு ஓனரக்காகிட்டச் சொல்லிப்புடுவேன்" என்றான். ஓனரக்கா இரண்டாவது லாரி எடுக்கிறாள், அதை யார் கையில் கொடுப்பது என்று பூபதியின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். அந்தச் சொல்லைத்தான் டீக்கடையில் நாலு பேர் முன்னால் பணயமாக வைத்தான் பயல். "எழுப்பல, போய்ப் படு. பேசுனது பேசுனதுதான்" என்று அர்த்தநாரியும் முடித்துவிட்டான். எதிராளி சொன்ன முதல் விலைக்கே முடிக்கிறவனைச் சந்தையில் என்னவென்று சொல்வார்கள்? அதை இவனே எத்தனை பேரைச் சொல்லியிருக்கிறான்.

எல்லாம் இந்தக் கோபத்தால் வந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள் என்று பூபதி சொன்னதில் தப்பில்லை, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னதுதான் தப்பு. "நீ டவுசர் போடறதுக்கு முந்தியே நான் ரோட்டுல நின்னவன்டா" என்று இவன் எகிற, "நின்னீங்ணா, ஆரு இல்லைன்னா? மாட்டுக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னீங்" என்று அவன் திருப்ப, வடை போடுகிறவன்கூடக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தான். சரி, சிரித்துவிட்டுப் போகட்டும், முதல் வளைவு வந்துவிட்டது, ஹாரன் அடி, அடித்தான், கீழேயிருந்து பதில் ஹாரன் இல்லை, அப்படியானால் எதிரே வண்டி இல்லை, அல்லது ஹாரன் வேலை செய்யாத வண்டி வருகிறது, இரண்டில் ஒன்று. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தான். தோள்பட்டை முறுகியது. வண்டியின் வால் எங்கே வருகிறது என்று கண்ணாடியில் பார்த்தான், வால் வந்துகொண்டுதான் இருந்தது. குட்டைச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று இவனையே பார்த்தது. வளைவு திரும்பி முடிந்தது. குரங்கு இப்போது தலைக்கு மேலே இருந்தது. இத்தனை வளைவுகளும் இப்படியே போய்விட்டால் போதும், பெரிய எண்ணில் ஆரம்பித்துச் சின்ன எண்ணில் முடிகிற கணக்கு, ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் பலகையில் நம்பர் எழுதியிருக்கிறார்கள், இவனைப்போன்ற ஆட்கள் எண்ணிக்கொண்டு இறங்கட்டும் என்றுதானோ என்னவோ.

ஏறின கியரில் இறங்கு. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இதை மந்திரம் மாதிரிச் சொல்வார். சொல்வாரே ஒழிய ஒரு மேட்டுக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை, அவர் உலகம் பூராவும் ஒரு பொட்டல் மைதானம், அதில் நட்ட குச்சிகள், குச்சியில் இடிக்காமல் ரிவர்ஸ் எடுத்தால் நீ டிரைவர். ஏறின கியரில் இறங்கு, நல்லது, ஏறினபோது எந்த கியர்? அதைப் பார்த்துக்கொள்ளத்தானே காலி வண்டியில் மேலே வரும்போது பக்கத்து சீட்டில் உட்கார வைத்தான் பூபதி. பார்த்தானா? வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான் அர்த்தநாரி. முந்தின நாள் தார்ப்பாய் இழுத்துக் கயிறு கட்டின கை வலியும் வெயிலும் சேர்ந்து அப்படி ஒரு தூக்கம், விழித்தபோது யூகலிப்டஸ் மரமும் குளிருமாக இருந்தது. கீழே இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, எல்லாம் பார்த்தவன் மாதிரி, "ரோடு மோசமில்ல" என்றான். பூபதி சிரித்தான். அப்போதே கேட்டிருக்கலாம். தம்பி, எந்த கியர்ல ஏத்துன? நாலு சொல். அந்த நாலு சொல்லுக்கு வாய் திறக்கவில்லை. மாட்டுச் சந்தையில் முதலில் என்ன விலை என்று கேட்கிறவன் பாதி தோற்றவன், இருபது வருசமாக அதுதான் பாடம், மாட்டைச் சுற்றி வா, வாலைத் தூக்கிப் பார், பல்லைப் பிடித்துப் பார், எச்சிலைத் துப்பு, ஆனால் கேட்காதே, அவனாகச் சொல்லட்டும். அப்படிக் கேட்காமலே லைசென்ஸ் வரைக்கும் வந்தாயிற்று. அப்புறம் லாரி ஆபீஸ் லாரி ஆபீஸாகப் போனால் எல்லாரும் ஒரே வாயாகக் கேட்டார்கள், அனுபவம் இருக்குதா? வண்டி கொடுத்தால்தானே அனுபவம்? அனுபவத்தோட வாங்க வண்டி தர்றோம். "அனுபவம் என்ன, மளிகைக் கடையிலயா விக்குது? நூறு கிராம் பொட்டணம் கட்டி வாங்கியாரட்டுமா?" என்று ஒரு புக்கிங் ஆபீஸில் மேசையைத் தட்டிக் கத்தினதில் அந்தத் தெருவில் இருந்த மற்ற ஆபீஸ்களும் அடைபட்டுப் போயின. கோகிலாதான் சொன்னாள், அவன் பெண்டாட்டி, சோற்றைப் போட்டுக்கொண்டே, "மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பார்த்தே வயசு சொன்ன ஆளு. லாரிக்கு எங்க இருக்குதுங் பல்லு?" என்று. இருக்கிறது கோகிலா. இதோ கைக்குக் கீழேதான் இருக்கிறது, கியர்ப் பெட்டிக்குள், பல் பல்லாக. பார்க்கத்தான் முடியவில்லை.

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும். இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு இறங்கியது, முனகல் ஏறும்போதெல்லாம் இவன் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது, விழுந்த காலை எடு எடு என்று அதட்டி எடுக்க வேண்டியிருந்தது. மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்து டிரம் சூடாகும், சூடானால் பிடிக்காது, பிரேக்குக்குப் போகிற ஏர் இறங்கும், ஏர் இல்லாவிட்டால் பிரேக்கே இல்லை. எல்லாம் தெரியும், தெரிந்தது எல்லாம் மண்டையில் இருக்கிறது, காலுக்கு இறங்கவில்லை. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம், அடுத்த வளைவுக்கு அப்புறம் மலை வலதுக்குப் போய்விடும், பள்ளம் இடதுக்கு வந்துவிடும், இப்படி மாற்றி மாற்றிக் காட்டுகிறான் மலையைப் படைத்தவன், நல்ல தரகன் அவன். மூங்கில் புதருக்கு நடுவில் சமவெளி தெரிந்தது, அணைத் தண்ணீர் ஒரு தகடு மாதிரி மின்னியது, அங்கே போய்ச் சேர வேண்டும், சேர்ந்ததும் ஒரு டீ. மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை வேன் மட்டுமில்லை, அதற்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் என்னென்னவோ. வேன்காரன் பக்கவாட்டில் தலையை நீட்டினான், நேரான பகுதியில் ஏறி வந்து உரசிக்கொண்டு போகும்போது, "யோவ், எறங்கித் தள்ளட்டுமா?" என்று கத்திவிட்டுப் போனான். வேனுக்குள் கல்யாண வீட்டு ஆட்கள், மல்லிகைப்பூ, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காது மடல் சூடாகியது. அர்த்தநாரிக்குக் கோபம் வருவது காதில்தான் முதலில் தெரியும். கடைசியாகக் காது அப்படிச் சூடானது சந்தையில் ஒரு திருப்பத்தூர் வியாபாரியை அறைந்த அன்றைக்கு. துண்டுக்குள் ஒரு விலைக்கு விரலைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து நான் அந்த விரலைப் பிடிக்கவே இல்லை என்றான் அவன். துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி கிடையாது, அதுதான் அந்தத் தொழிலின் மானம். இன்ன விரலைப் பிடித்தால் இன்ன தொகை, இரண்டு கை, மேலே ஒரு துண்டு, சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. விலை படிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இருக்கக் கூடாது. அவன் பேசினான், இவன் அறைந்தான். அறைந்த கை நன்றாகத்தான் அறைந்தது. ஆனால் அடுத்த வாரச் சந்தையில் துண்டை விரித்துக்கொண்டு நின்றபோது உள்ளே கை விட ஒருத்தனும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விரித்த துண்டை விரித்தபடி எவ்வளவு நேரம் நிற்பது, வியர்வையைத் துடைக்கிற மாதிரித் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அந்தக் கதையைப் பூபதிக்குச் சொன்னது சோளக் களத்தில் லோடுக்குக் காத்துக் கிடந்தபோது. இந்தத் தொழிலில் பாதி ஓட்டுவது இல்லை, கிடப்பது, அதை எந்த டிரைவிங் ஸ்கூலும் சொல்வதில்லை. கேட்டுக்கு வெளியே கிட, எடை மேடைக்கு வரிசையில் கிட, மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிட்டு வரும் வரை கிட. வண்டி நிழலில் சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது, "அதென்னுங்ணா துண்டுக்குள்ள, எனக்குக் காட்டுங்" என்றான் பூபதி. காட்டினான். டீக்கு விலை பேசினார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு சேர்த்துப் பிடித்தால் இரண்டு, உள்ளங்கையைச் சுரண்டினால் பாதி. பூபதி சீக்கிரம் பிடித்துக்கொண்டான், பயலுக்கு நல்ல கை, கியர் போட்டுப் போட்டு விரல் நுனிக்குக் கண் வந்த கை. "இது நல்லாருக்குதுங்ணா, பொண்டாட்டிகிட்டச் செலவுக்குக் கேக்கறதுக்கு ஆகும்" என்று சிரித்தான். தன் பிழைப்பைக் கெடுத்த கதையை அப்படி ஒருத்தன் சிரித்துக்கொண்டு கேட்டது அர்த்தநாரிக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை வெளியே காட்டவில்லை. அவனோடு போய்க் காலையில் சண்டை. மலைப்பாதையை அடைத்துவிட்ட செக்போஸ்ட் காலையில் திறக்கும் வரை ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தவனும் அவன்தான். சரி, அடுத்த வளைவு. ஹாரன். ஒடி. வால். வந்தது. பின்னால் பஸ் ஒரே மூச்சாக அலறியது, விடாமல், காதுக்குள் கம்பியை விட்டுக் குடைகிற மாதிரி. எல்லா லாரியும் இந்த வேகத்திலா இறங்குகிறது? எதிரே ஏறி வந்த லாரிகூட இதைவிட வேகமாக ஏறிற்றே. அப்படியானால் மூன்றாவதுதானோ. ஏறினபோது மூன்றாவதில்தான் ஏறியிருப்பான், பூபதி அவசரக்காரன். நான் இரண்டாவதில் ஊர்ந்து போனால் பலகையில் படுத்துக்கொண்டு துண்டுக்குள் சிரிப்பான். இறங்கித் தள்ளட்டுமா. எறங்கித் தள்ளட்டுமாமே. காது.

கிளட்சை மிதித்தான், இரண்டாவதிலிருந்து உருவினான், மூன்றாவதில் போட்டான். நெய்யாக விழுந்தது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டது, முனகல் நின்றது, ஆகா, இதுதான், இதற்குத்தான் மனிதன் லாரி ஓட்டுகிறான் என்று அரைக்கண நேரம் தோன்றியது. வளைவும் வந்துவிட்டது, அவன் நினைத்ததற்கு முன்னாலேயே. மிதித்தான், திரும்பியது, மூட்டையெல்லாம் ஒரு பக்கம் சாய்கிற கனம் இடுப்பில் தெரிந்தது. அடுத்தது. மிதித்தான். மிதித்த காலை எடுக்க முடியவில்லை, எடுத்தால் ஓடுகிறது. ஏர் மீட்டரின் முள் சரிந்துகொண்டிருந்தது. ஒரு வாசனை வந்தது, இஸ்திரிப் பெட்டியில் துணி தீய்கிற வாசனை, யாரோ கீழே குப்பை எரிக்கிறார்கள் என்று மனசு சொன்னது, மனசுக்கு எவ்வளவு நல்ல எண்ணம் பார். குப்பையில்லை, உன் சக்கரம். இரண்டாவதுக்கு வா, இரண்டாவதுக்கு வந்துவிடு. கிளட்ச். மூன்றாவதிலிருந்து உருவினான். இரண்டாவதில் தள்ளினான். பல்லோடு பல் மோதி அலறியது, போகவில்லை. மறுபடியும் தள்ளினான், கடகடவென்று கையைத் தட்டிவிட்டது. திரும்ப மூன்றாவதுக்கே போனால், அதுவும் ஏற்கவில்லை. கியர்க்கம்பி கைக்குள் ஆடியது, பல் விழுந்த கிழவன் வாயில் நாக்கு ஆடுகிற மாதிரி, எதிலும் படாமல். நியூட்ரல். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டவனெல்லாம் பள்ளத்தில் கிடக்கிறான் என்று பூபதி சொன்னது, எந்த இடத்தில் சொன்னான், அந்தப் புளியமரத்தடியில், அப்போது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தை ஏன் இப்போது நினைக்கிறாய். வண்டி அவிழ்த்துவிட்ட காளை மாதிரிக் கிளம்பிவிட்டது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு இல்லை, மூட்டை தள்ளுகிறது, மலை இழுக்கிறது, நடுவில் இவன். மலை எந்தப் பக்கம், இடது, இடதுதான், ஓரமாக ஓட்டு. இரண்டு காலையும் பிரேக்கில் ஏற்றி எழுந்தே நின்றான், ஏர் தீர்கிறது என்று பஸ்ஸர் கூவ ஆரம்பித்தது, இடது முன்சக்கரம் ஓரத்துச் சாக்கடையில் இறங்கிக் கல்லில் உரசியது, உரசு, நன்றாக உரசு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், புஸ்ஸென்று காற்று சீறியது, எல்லாம் ஒருதரம் குலுங்கி முன்னால் வந்து பின்னால் போய் நின்றது. நின்றது. கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் எஞ்சினை அணைக்கவில்லை, ஏர் ஏறட்டும் என்று விட்டான். அதுவரைக்கும் மூளை இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கட்டைகளை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான், போதாதென்று இரண்டு கல்லையும் உருட்டி வைத்தான். பின்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது, நீல நிறத்தில், அவசரமில்லாமல். தண்ணீர் ஊற்றலாமா? வெயிலில் ஓடி வந்த மாட்டுக்கு உடனே தண்ணி காட்டக் கூடாது, அது தெரியும், இரும்புக்கும் மாட்டுக்கும் ஒரே சட்டமா என்பது தெரியாது. தெரியாததைச் செய்யாமல் விட்டான். பஸ் வந்து பின்னால் நின்றது, கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தான். "ஏனுங், இங்க என்ன சந்தையா கூடியிருக்குது? வண்டிய எடுங்" என்றான். "சந்தைன்னா நானே எடுத்திருப்பேன். சக்கரம் வேகுது, கண்ணு தெரியல?" என்று இவன் சீறினான். கண்டக்டர் புகையைப் பார்த்தான், விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "டிரைவரு எங்கீங்?" என்று கேட்டான். கேபினைப் பார்த்துக் கேட்டான், இவனைத் தாண்டி. அர்த்தநாரி கேபினுக்கும் கண்டக்டருக்கும் நடுவில் வந்து நின்றான். லைசென்ஸ் வாங்கி இத்தனை நாளில் இந்த வார்த்தையைச் சொல்ல ஒரு தருணம் வரும் வரும் என்று காத்திருந்தான், கடைசியில் வந்த நேரத்தைப் பார். "நான்தான் டிரைவரு" என்றான். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தான். "சரிங் டிரைவரே, நாங்க ஒடிச்சுப் போயிக்கறோம், கீழ ஆரும் ஏறாமப் பார்த்துக்குங்" என்றான். அர்த்தநாரி வளைவு முனைக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டி நின்றான், ஏறி வந்த ஒரு காரை மறித்தான், பஸ் அவன் லாரியின் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் நகர்ந்து போனது. ஜன்னலோரத்தில் ஒரு பெண், மடியிலிருந்த குழந்தையின் வாயில் பிஸ்கட்டை ஊட்டிக்கொண்டே போனாள், இவனைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு நிமிசத்துக்கு முன்னால் இந்த பஸ் எனக்கு முன்னால் போயிருந்தால். அதற்கு மேல் அந்த நினைப்பை விடவில்லை, நினைப்பு மட்டும் அதே இடத்தில் கயிறு சிக்கின மாதிரி நின்று நின்று இழுத்தது. பிஸ்கட். முன்னால் போயிருந்தால். பிஸ்கட்.

புகை அடங்க வெகுநேரம் ஆயிற்று. டிரம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தான், அடுப்பு மாதிரி இருந்தது, அப்புறம் அணைத்த அடுப்பு மாதிரி இருந்தது. கேபினில் ஏறி உட்கார்ந்தான். இப்போது என்ன, ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. பஸ் போய்விட்டது. பூபதி தூங்குகிறான். இரண்டாவதில் போட்டு மெல்ல எடுத்தால், பண்ணாரி வந்ததும் எழுப்பினால், ஸ்டியரிங் என்னுடையது, பேசியது பேசியதுதான். ஆனால் இரண்டாவதில் வரும்போதே கால் பிரேக்கில் விழுந்துகொண்டுதானே இருந்தது? அப்படியென்றால் இரண்டாவதும் தப்போ? வெந்த பிரேக்கை நம்பி இன்னும் இத்தனை வளைவு. ஏறின கியர் என்பதே இங்கே பேச்சில்லை, ஏறினது காலி வண்டி, இறங்குவது லோடு வண்டி, தூங்காமல் பார்த்திருந்தாலும் விடை அதில் இல்லை. அட சனியனே, அது இப்போதுதான் உறைக்கிறதா. திரும்பிப் பார்த்தான். பூபதி படுத்தபடியேதான் படுத்திருந்தான், துண்டு முகத்திலிருந்து நழுவி நெஞ்சுக்கு வந்திருந்தது, கண் மூடியிருந்தது. கண்ணை யார் வேண்டுமானாலும் மூடலாம். அர்த்தநாரி காலைப் பார்த்தான். படுத்திருக்கிற மாடு உறங்குகிறதா இல்லையா என்பதற்குக் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், காதைப் பார்ப்பார்கள். பூபதியின் கால்விரல்கள் பலகை விளிம்பை வளைத்துப் பிடித்திருந்தன, நகம் வெளுக்கிற அளவுக்கு. அவ்வளவும் பார்த்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறான். நியூட்ரல் ஆனதும் தெரியும், புகையும் தெரியும், நான்தான் டிரைவர் என்று சொன்னதும் கேட்டிருக்கும். ஏன் எழுந்திருக்கவில்லை? எழுந்தால் இவன் எழுப்பியதாகிவிடும், ஸ்டியரிங் போய்விடும், பேச்சு இரண்டு பேரையும்தான் கட்டியிருக்கிறது. இல்லை, பயத்தில் உடம்பு எழவில்லையோ. எதுவாக இருந்தாலும் இனி அவனாக வாய் திறக்க மாட்டான். பள்ளத்துக்கே போனாலும் இரண்டு பேரும் வாக்குத் தவறாமல் போய்ச் சேரலாம். வீட்டில் கோகிலா, பக்கத்து வீட்டுக்காரியிடம், புது வண்டி இவங்களுக்குத்தான் என்று சொல்லியிருப்பாள். எழுப்பினால் மறுபடியும் தார்ப்பாய்க் கயிறு கட்ட வேண்டியதுதான், நாற்பது வயதில், ஓனரக்கா இனி ஒருதரம் நம்ப மாட்டாள், மறுபடியும் புக்கிங் ஆபீஸ், அனுபவம் இருக்குதா. பிஸ்கட்.

"பூபதி" என்றான். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "பூபதி, எந்திரி. எனக்குத் தெரியல. எந்த கியர்ல எறக்கறது?"

அவ்வளவுதான், சொல்லியாயிற்று, முதலில் கேட்டாயிற்று, தோற்றாயிற்று. தோற்றதும் நெஞ்சில் ஏதோ இறங்கி உட்கார்ந்தது, கனமாகத்தான் இருந்தது, ஆனால் ஆடவில்லை. பூபதி எழுந்திருக்கவில்லை. குறட்டை விட்டான். ஒருநாளும் விடாத குறட்டை, சினிமாவில் விடுகிற மாதிரி ஏற்றி இறக்கி. "டேய், எந்திரிடான்னா" என்று அர்த்தநாரி கையை நீட்டி அவன் நெஞ்சைப் பிடித்து உலுக்கப் போனான். துண்டுக்குக் கீழேயிருந்து பூபதியின் கை வந்து அந்தக் கையைப் பிடித்தது. பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. குறட்டை நிற்கவில்லை. துண்டுக்குள் விரல்கள் தடவின, சுண்டு விரலைத் தாண்டின, மோதிர விரலையும் நடுவிரலையும் தாண்டின, ஆள்காட்டி விரலுக்கு வந்து நின்றன. அதை மட்டும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தின. அர்த்தநாரி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான், இன்னொரு விரல் சேருமா என்று. சேரவில்லை. மறுபடியும் அந்த ஒரே விரல், ஓர் அழுத்து, இன்னும் பலமாக. பூபதியின் உள்ளங்கை நனைந்திருந்தது, சில்லென்று இருந்தது. ஒன்று. இரண்டாவதும் இல்லை மூன்றாவதும் இல்லை. அர்த்தநாரி பதிலுக்கு அவன் விரலை ஒருதரம் அழுத்தினான், சந்தையில் படிந்தது என்பதற்கு அப்படித்தான். கையை உருவிக்கொண்டான்.

கல்லை உருட்டினான், கட்டைகளை எடுத்தான், முதல் கியரில் போட்டான். வண்டி எறும்பு மாதிரி இறங்கியது. எஞ்சின் அலறியது, அலறலே பிடித்து நிறுத்தியது, கால் பிரேக்கைத் தேடவில்லை, வளைவு வரும்போது ஒரு தொடு தொட்டு எடுத்தான், அவ்வளவுதான். பின்னால் என்னென்னவோ வண்டிகள் சேர்ந்துகொண்டன, ஹாரன் ஒன்றுக்குமேல் ஒன்றாக ஏறிற்று, ஒருத்தன் கல்யாணத்துக்குப் போறியா கருமாதிக்குப் போறியா என்று கேட்டுவிட்டுப் போனான், இன்னொருத்தன் தலையில் அடித்துக்கொண்டு போனான். காது சூடாகியது, சூடானால் ஆகட்டும் என்று விட்டான், காதுக்கும் காலுக்கும் சம்பந்தம் அறுத்தாயிற்று. ஆள்காட்டி விரல் ஸ்டியரிங்கின் மேல் தனியாகத் தெரிந்தது, இன்னும் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. மஞ்சள் பலகைகளில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. வெக்கை ஏறியது. மூங்கில் போய் வேலிக்காத்தான் முள் வந்தது, தேங்காய் பழக் கடைகள் வந்தன, மணிச் சத்தம் கேட்டது, கோயிலைத் தாண்டி அகலமான ஓரத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினான்.

"பூபதி, பண்ணாரி வந்துருச்சு."

பூபதி ஒரே குரலில் எழுந்தான். கண்ணைக் கசக்கினான், கசக்கத் தேவையில்லாத கண்ணை. "வந்துருச்சாங்ணா? அடடா, நல்ல தூக்கமுங்" என்றான். இறங்கி நின்று சோம்பல் முறித்தான். பின்சக்கரத்துப் பக்கம் போனான், ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்தான், கருகின வாசனையை மோந்தான், சாக்கடைக் கல் கிழித்த இடது முன்டயரின் மேல் விரலை ஓட்டினான். திரும்பி வந்து போனை எடுத்தான், ஓனரக்காவின் நம்பரைப் போட்டுவிட்டு, காதில் வைக்குமுன் அர்த்தநாரியைப் பார்த்தான்.

"நடுவுல எழுப்பலீங்களே?"

எழுப்பினேன் என்ற சொல் அர்த்தநாரியின் வாய்க்குள் வந்து நின்றது. பச்சைத் துண்டு பலகையில் சுருண்டு கிடந்தது. அதை எடுத்தான், சோளத் தூசி பறக்க ஒரே உதறாக உதறினான், தோளில் போட்டுக்கொண்டான்.

"டீ சொல்லட்டுமா?" என்றான்.